சுணக்கம்: சிக்னலில் போகிற நேரத்துக்கு ஒரு சரியான சொல்

போக்குவரத்துப் பொறியியலில் 'டிலே' என்று ஒரு சொல் உண்டு. தமிழில் எழுதுகிறவர்கள் இதைத் 'தாமதம்' என்கிறார்கள், இல்லையென்றால் 'காத்திருப்பு நேரம்' என்கிறார்கள். இரண்டுமே சரியாகப் பொருந்தவில்லை. பொருந்துகிற சொல் நம் பேச்சிலும் செய்தித்தாளிலும் ஏற்கெனவே இருக்கிறது: சுணக்கம்.

முதலில் இந்த டிலே எதை அளக்கிறது என்று பார்க்கலாம். மண்டபத்திலிருந்து ஐஸ் போட்ட மீன் பெட்டிகளோடு ஒரு வண்டி மதுரைக்குப் போகிறது, ராமநாதபுரம் ஊருக்குள் ஒரு சிக்னல் குறுக்கே வருகிறது. சிவப்பு எரிவது தெரிந்ததும் ஓட்டுநர் தூரத்திலேயே வேகத்தைக் குறைக்கிறார், வரிசையின் கடைசியில் போய் நிற்கிறார், பச்சை விழுந்த பிறகும் முன்னால் நிற்பவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தால்தான் இவர் நகர முடியும், சந்திப்பைத் தாண்டியும் பழைய வேகத்தைப் பிடிக்கக் கொஞ்ச தூரம் ஆகிறது. சிக்னலே இல்லாமல் நேராகப் போயிருந்தால் அந்தத் தூரத்துக்கு ஆகியிருக்கும் நேரம் ஒன்று, இப்போது ஆன நேரம் ஒன்று. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டிலே. நின்ற நேரம் அதில் ஒரு பகுதி மட்டுமே.

அதனால்தான் 'காத்திருப்பு நேரம்' ஒத்துவராது. பாம்பன் சாலைப் பாலத்தைப் பாருங்கள். ரயிலையும் கடலையும் பார்க்க நடுப்பாலத்தில் வண்டியை ஓரங்கட்டுகிறவர்களால் பின்னால் வருகிற பேருந்து நிற்காமலேயே ஊர்ந்து ஊர்ந்து போகும். எங்கேயும் காத்திருக்கவில்லை, ஆனால் நேரம் போய்விட்டது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேடு 1985 பதிப்பில் நின்ற நேரத்தை வைத்துத்தான் சந்திப்புகளைத் தரம் பிரித்தது. மொத்த டிலே வேண்டுமென்றால் நின்ற நேரத்தை 1.3 ஆல் பெருக்கிக்கொள்வது அந்தக் காலத்துத் தோராயம். 1997 திருத்தத்தில் வேகம் குறைவது, ஊர்வது, மறுபடி வேகம் பிடிப்பது எல்லாம் சேர்ந்த முழு நேரமே அளவுகோல் ஆகிவிட்டது. நாம் இன்னும் 'காத்திருப்பு' என்றே எழுதினால் அவர்களே கைவிட்ட பழைய அளவைத் தமிழில் உயிரோடு வைத்திருப்பதாகிவிடும்.

'தாமதம்' வேறு விதத்தில் இடிக்கிறது. அது வடமொழித் தாமசத்தோடு உறவுடைய சொல், 'தாமசம் பண்ணாதே' என்று பெரியவர்கள் சொல்வது அதுதான். தாமதம் என்றால் குறித்த நேரம் ஒன்று இருக்க வேண்டும். ராமேஸ்வரம் ரயில் தாமதம் என்றால் கால அட்டவணை இருக்கிறது, அதைத் தாண்டிவிட்டது என்று பொருள். மீன் வண்டிக்குச் சந்திப்பில் அட்டவணை ஏது? அதன் ஓட்டம் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சுணங்குதல் என்ற வினைக்கு வாடுதல், தளர்தல், இழுபடுதல் என்ற பொருள்கள் எல்லாம் உண்டு. 'வேலை சுணங்கிக் கிடக்கு', 'திட்டப் பணியில் சுணக்கம்' என்று சொல்லும்போது நாம் குறிப்பதும் நடக்க வேண்டியது நடக்கிற வேகத்தில் நடக்கவில்லை என்பதைத்தான். (சங்கப் பாடல்களில் பெண்களின் மேனியில் படரும் பொன்னிறத் தேமலுக்கும் சுணங்கு என்றே பெயர். அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

சரி, அப்புறம் 'சிக்னல்'. லத்தீனில் குறி, அடையாளம் என்று பொருள்படும் 'சிக்னும்' என்பதிலிருந்து வந்தது. கடலுக்கு அக்கரையில் ஈழத் தமிழர் 'சமிக்ஞை விளக்கு' என்பார்கள், இங்கே பாடநூல்களில் 'சைகை' உண்டு. ராமநாதபுரம் கடற்கரையிலோ சிக்னலுக்கு இன்னும் இரண்டு பழைய சொற்கள் இருக்கின்றன. ஒன்று கூண்டு. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று வருடா வருடம் செய்தி வரும், 1 முதல் 11 வரை எண் உண்டு, பகலில் வடிவங்களைத் தூக்கிக் கட்டுவார்கள், இரவில் விளக்கு. இன்னொன்று ரயில்பாதைக் கைகாட்டி. உலகத்தின் முதல் சாலை சிக்னல் 1868 டிசம்பரில் லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அருகே நிறுத்தப்பட்டது. அதை வடிவமைத்த ஜான் பீக் நைட் ஒரு ரயில்வே அதிகாரி. பகலில் ரயில்வே கைகாட்டி போலவே கை நீட்டும், இரவில் சிவப்பும் பச்சையுமாக எரிவாயு விளக்கு. சில வாரங்களிலேயே, 1869 ஜனவரியில், அது வெடித்துவிட்டது. மின்சார சிக்னல் வர 1910-கள் வரை, அமெரிக்கா வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, 'கைகாட்டி' என்ற பெயர் பொருளிலும் வரலாற்றிலும் சாலை சிக்னலுக்கு அப்படியே பொருந்தும். ஆனாலும் 'சிக்னல்' இவ்வளவு ஊன்றிவிட்ட பிறகு பேச்சில் அதை மாற்றச் சொல்லி வற்புறுத்துவதில் எனக்கு ஆர்வம் இல்லை. கலைச்சொல்லாக எழுதும்போது 'சைகைச் சுணக்கம்' என்று சேர்த்துக்கொள்ளலாம், நின்ற நேரத்தை மட்டும் குறிக்க 'நிற்புச் சுணக்கம்'.

எனக்கு மிகவும் பிடித்தது 'போக்குவரத்து' என்ற சொல். போக்கு, வரத்து இரண்டும் அதிலேயே இருக்கின்றன. வைகைத் தண்ணீரை நம்பியிருக்கும் ராமநாதபுரம் பெரிய கண்மாயைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு வரத்து என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. சந்திப்பில் ஒரு மணி நேரத்தில் வந்து சேரும் வண்டிகள் வரத்து. பச்சை விழுந்ததும் இடைவெளி இல்லாமல் அதிகபட்சம் எவ்வளவு வெளியேற முடியுமோ அது நிறைபோக்கு, மடையைத் திறந்தால் அதன் அகலத்துக்கு ஏற்றபடிதான் தண்ணீர் பாயும் என்பது போல. சிவப்பில் மடை அடைத்திருக்கிறது, வரத்து நிற்பதில்லை, வரிசை தேங்குகிறது.

இந்த வரத்தையும் நிறைபோக்கையும் வைத்து ஒரு சுற்று (எல்லாத் திசைக்கும் ஒருமுறை பச்சை வந்து முடிகிற நேரம்) எத்தனை நொடி இருக்கலாம் என்று கணக்குப் போட்டவர் வெப்ஸ்டர். பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக் கூடத்துக்காக 1958-இல் எழுதினார். ஒவ்வொரு திசையிலும் வரத்தை நிறைபோக்கால் வகுத்து, ஒரே பச்சையில் சேர்ந்து போகும் திசைகளில் பெரிய எண்ணை மட்டும் எடுத்து, எல்லாப் பச்சைக்கும் அப்படிக் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையை 1-இலிருந்து கழித்தால் வகுக்கும் எண் கிடைக்கும். ஒரு சுற்றில் யாருக்கும் பயன்படாமல் வீணாகும் நொடிகளை ஒன்றரையால் பெருக்கி 5 கூட்டினால் வகுபடும் எண். வீணாவது 10 நொடி, கூட்டுத்தொகை 0.6 என்றால் 20-ஐ 0.4 ஆல் வகுக்க 50 நொடிச் சுற்று. கூட்டுத்தொகை 0.8 ஆனால் சுற்று 100 நொடி. கொஞ்சம் நெரிசல் கூடினாலே சுற்று இரண்டு மடங்காகிவிடுகிறது.

இங்கேதான் நம் ஊர்களில் அநியாயம் நடக்கிறது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரம் போகிற கூட்டத்துக்காக நீளமாக வைத்த சுற்றை, சாதாரண நாள் மதியம் இரண்டு மணிக்கும் அப்படியே ஓடவிட்டால் என்ன ஆகும்? வண்டிகள் குறைவு என்று வைத்துக்கொள்வோம். 90 நொடிச் சுற்றில் 60 நொடி சிவப்பு என்றால், சிவப்பில் மாட்டும் வாய்ப்பு மூன்றில் இரண்டு, மாட்டினால் சராசரி 30 நொடி, ஆக வண்டிக்கு 20 நொடி. அதே விகிதத்தில் 120 நொடிச் சுற்று, 80 நொடி சிவப்பு என்றால் ஏறக்குறைய 27 நொடி. குறுக்குத் திசையில் ஆளே இல்லாத நேரத்தில் இந்த 7 நொடி யாருக்கும் பயனில்லாமல் போகிறது. நேரத்துக்கு ஏற்ப சுற்றை மாற்றிவைக்கச் சொல்வது பெரிய கோரிக்கை அல்ல.

கேட்பதற்கு முன்னால் அளக்க வேண்டும், அதற்குப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு திசையை எடுத்துக்கொண்டு 15 நொடிக்கு ஒரு தடவை எத்தனை வண்டி நின்றுகொண்டிருக்கிறது என்று ஒருவர் குறிக்க வேண்டும், அந்த நேரத்தில் சந்திப்பைத் தாண்டிய வண்டிகளை இன்னொருவர் எண்ண வேண்டும். கால் மணி நேரத்தில் 60 தடவை குறித்ததன் கூட்டுத்தொகை 480 என்றால், 15 ஆல் பெருக்க 7,200 வண்டி-நொடி. தாண்டிய வண்டிகள் 240 என்றால் சராசரி 30 நொடி. கிடைப்பது நிற்புச் சுணக்கம்தான், வேகம் குறைந்து கூடியதற்குத் திருத்தம் தனியாகச் சேர்க்க வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சுற்று 60, 90, 120 நொடி என்று 15 ஆல் மீதியின்றி வகுபட்டால், ஒவ்வொரு சுற்றிலும் அதே தருணங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அப்போது 13 நொடி, 17 நொடி என்று இடைவெளியை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கக் கையேட்டில் சைகைச் சுணக்கம் 10 நொடிக்குள் என்றால் முதல் தரம், 80 நொடியைத் தாண்டினால் கடைசித் தரம். பைக்குகள் சந்துபொந்தில் நுழைந்து முன்வரிசைக்கு வந்துவிடும் நம் சாலைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் 2017-இல் இந்தியச் சாலைகளுக்கென்றே தனிக் கையேடு கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு பிரிவும் வேண்டும்: வண்டிச் சுணக்கம், ஆள் சுணக்கம். ராமேஸ்வரத்திலிருந்து 50 பேரோடு வரும் பேருந்து 30 நொடி சுணங்கினால் 1,500 ஆள்-நொடி, ஒருவர் மட்டும் வரும் பைக் அதே 30 நொடி சுணங்கினால் வெறும் 30. அமாவாசை அன்றைக்கு எந்தத் திசைக்குப் பச்சையைக் கூட்டுவது என்று முடிவு செய்ய இரண்டாவது கணக்குதான் வேண்டும். வண்டிகளை மட்டும் எண்ணினால் அந்தப் பேருந்தும் பைக்கும் ஒன்றாகவே தெரியும்.