மூன்றாவது மேசையில் இருக்கும் பதில்

அமெரிக்காவில் ஓர் அரசு அலுவலகம். தொழில் நிறுவனங்கள் சட்டப்படி நடக்கின்றனவா என்று ஆய்வு செய்யும் அதிகாரிகள் அங்கே வேலை பார்த்தார்கள். நிறுவனத்துக்கு நேரில் போவார்கள், கணக்குப் புத்தகங்களைப் புரட்டுவார்கள், முதலாளியிடமும் தொழிலாளர்களிடமும் பேசுவார்கள், திரும்பி வந்து அறிக்கை எழுதுவார்கள். சட்டம் சிக்கலானது என்பதால் எழுத எழுதச் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் மேலதிகாரியிடம்தான் கேட்க வேண்டும், பக்கத்து மேசைக்காரரிடம் கேட்கக் கூடாது என்பது அலுவலக விதி. சமூகவியலாளர் பீட்டர் பிளாவ் அங்கே உட்கார்ந்து கவனித்தபோது, அந்த விதியை அதிகாரிகள் தினமும் மீறிக்கொண்டிருந்தார்கள்.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். பதில் சொல்லும் மேலதிகாரியே வேலையை மதிப்பிட்டு எழுதுபவரும். அவரிடம் போய் ‘இந்த இடம் எனக்குப் புரியவில்லை’ என்று நிற்பது, தன் குறையைத் தானே எடுத்துக் கொடுப்பது போல. சக ஊழியரிடம் கேட்டால் அந்தப் பயம் இல்லை. பிளாவின் ஆய்வு 1955-இல் நூலாக வந்தது. அறிவுப் பகிர்வு என்ற பேச்சு அலுவலகங்களுக்குள் நுழைவதற்கு வெகு காலம் முன்பே அவர் விஷயத்தின் நடுப்புள்ளியைத் தொட்டுவிட்டார் என்று நான் நினைக்கிறேன். அறிவு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போக வேண்டுமானால், முதலில் யாரோ ஒருவர் ‘எனக்குத் தெரியாது’ என்று வாய் திறக்க வேண்டும். அப்படி வாய் திறப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. கூட வேலை செய்பவர்களின் ஆதரவு அந்த விலையைக் குறைக்கிறது. அதன் மற்ற பலன்களெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நிர்வாகங்கள் பெரும்பாலும் மறுபக்கத்திலிருந்து பார்க்கின்றன. தெரிந்தவர்கள் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், ஆகவே அவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுப்போம், தெரிந்ததையெல்லாம் எழுதச் சொல்வோம், ஒரு மென்பொருளில் ஏற்றி வைப்போம் என்று திட்டம் போகும். இதிலும் பயன் உண்டு. ஆனால் எழுதி வைக்க முடிகிற அறிவு, ஒருவருக்கு இருக்கும் அறிவில் ஒரு பங்குதான். நமக்குத் தெரிந்தவற்றில் பலவற்றை நம்மாலேயே சொல்லிக் காட்ட முடியாது என்பதை 1960களில் தத்துவ அறிஞர் மைக்கேல் பொலானி விளக்கினார். தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறோம். எப்படிக் கண்டுபிடித்தோம் என்று கேட்டால் பதில் இல்லை. ஓர் இயந்திரத்தின் சத்தம் மாறியிருப்பதை உணர்வதும், ஒரு வாடிக்கையாளர் குரலிலேயே கோபத்தின் அளவை அறிவதும் இதே வகை. இப்படிப்பட்ட அறிவு கேள்வி வரும்போதுதான், அதுவும் குறிப்பிட்ட ஒரு சிக்கலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும்போதுதான், வெளியே வருகிறது.

இதற்கு நான் அறிந்த மிக அழகான சான்று, ஜெராக்ஸ் நிறுவனத்தின் பழுதுபார்ப்பாளர்களை மானுடவியலாளர் ஜூலியன் ஓர் பின்தொடர்ந்து செய்த ஆய்வு. போட்டோகாப்பி இயந்திரங்களைச் சரிசெய்வதற்கு அவர்களிடம் விரிவான கையேடு இருந்தது. இந்தப் பிழை எண் வந்தால் இதைச் செய், அது சரியாகாவிட்டால் அதைச் செய் என்று படிப்படியாகச் சொல்லும். ஆனால் இயந்திரங்கள் கையேட்டைப் படித்துவிட்டுப் பழுதாவதில்லை. வைத்திருக்கும் இடம், பயன்படுத்தும் ஆட்கள், முன்பு யார் என்ன கழற்றி மாட்டினார்கள் என்பதையெல்லாம் பொறுத்து ஒவ்வொன்றும் ஒரு விதமாக முரண்டு பிடிக்கும். பழுதுபார்ப்பவர்கள் சாப்பிடும் நேரத்தில் ஒன்றாக உட்கார்ந்து கதை பேசினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெட்டிப் பேச்சு. உண்மையில் அந்தக் கதைகளில்தான் நோயைக் கண்டறியும் வித்தை இருந்தது: பிழை எண் ஒன்றைக் காட்டியது, கோளாறு வேறிடத்தில் இருந்தது, அதை எப்படிப் பிடித்தேன் என்று.

அந்தக் கதைகளில் இன்னொன்றும் வரும். சொல்பவர் எங்கே ஏமாந்தார், எந்த உதிரிபாகத்தை வீணாக மாற்றினார், எத்தனை மணி நேரம் தவறான திசையில் போனார் என்பதும் சேர்ந்தே வரும். கேட்பவருக்கு அதிகம் உதவுவது அந்தப் பகுதிதான், ஏனென்றால் நாளைக்கு அதே பள்ளத்தில் அவர் விழ மாட்டார். ஆனால் எதிரே இருப்பவர் தன்னைக் கேவலமாக நினைப்பார் என்ற எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் கதையில் முதலில் வெட்டுப்படுவதும் அதே பகுதிதான். பிற்பாடு 1990களில் அந்த நிறுவனம் இப்படிப்பட்ட குறிப்புகளைச் சேமிக்க யுரேகா என்ற அமைப்பை உருவாக்கியது. குறிப்புகளைச் சரிபார்த்தவர்கள் சக பழுதுபார்ப்பாளர்கள். ஒவ்வொரு குறிப்பிலும் எழுதியவரின் பெயர் இருந்தது. சாப்பாட்டு மேசையில் கிடைத்த மரியாதை அங்கேயும் கிடைத்தது.

தவற்றைச் சொல்வதில் இருக்கும் இந்தச் சிக்கலை நிறுவனங்களை ஆராயும் ஏமி எட்மண்ட்சன் எதிர்பாராத விதமாகச் சந்தித்தார். 1996-இல் வெளியான அவருடைய ஆய்வு, மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளைப் பற்றியது. நல்ல தலைமையும் நல்ல உறவும் உள்ள குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். எண்ணிக்கை தலைகீழாக வந்தது: அந்தக் குழுக்களில்தான் பதிவான பிழைகள் அதிகம். அவர் கண்ட விளக்கம், அந்தச் செவிலியர்கள் பிழையை மறைக்கவில்லை, பேசினார்கள் என்பது. மற்ற இடங்களில் பிழை நடந்தும் வெளியே வரவில்லை. பிறகு 1999-இல், ஒரு தயாரிப்பு நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து, உளப் பாதுகாப்பு என்ற கருத்தை அவர் நிலைநிறுத்தினார். கேள்வி கேட்டாலோ தவற்றை ஒப்புக்கொண்டாலோ இங்கே யாரும் என்னை அவமதிக்க மாட்டார்கள் என்று குழுவில் எல்லோருக்கும் இருக்கும் பொதுவான நம்பிக்கை அது. அது உள்ள குழுக்கள் அதிகம் கற்றுக்கொண்டன, வேலையும் மேம்பட்டது.

சரி, கேட்பவர் கட்டுவதாக நினைக்கும் விலை உண்மையில் அவ்வளவு பெரியதா? இல்லை என்றே சோதனைகள் சொல்கின்றன. பிரான்சிஸ் ஃப்ளினும் வனெசா லேக்கும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு கேள்வித்தாளை நிரப்பி வாங்கி வரச் சொன்னார்கள். 5 பேர் சம்மதிக்க ஏறக்குறைய 20 பேரைக் கேட்க வேண்டியிருக்கும் என்று கிளம்புமுன் பங்கேற்றவர்கள் கணித்தார்கள். சுமார் 10 பேரைக் கேட்டதிலேயே வேலை முடிந்துவிட்டது. கேட்கும் நாம் அவருக்கு எவ்வளவு தொந்தரவு என்று மட்டும் கணக்குப் போடுகிறோம். முகத்துக்கு நேராக ‘முடியாது’ என்பது அவருக்கு எவ்வளவு சங்கடம் என்பது நம் கணக்கில் வருவதில்லை. இன்னொரு ஆய்வு, ஆலோசனை கேட்டால் நம்மை மட்டமாக நினைப்பார்கள் என்ற பயத்தைச் சோதித்தது. கடினமான விஷயத்தில், அந்த விஷயம் தெரிந்தவரிடம் ஆலோசனை கேட்டவரை அவர் கேட்காதவரைவிடத் திறமைசாலியாகவே மதித்தார். இந்த முடிவைப் படித்தபோது, வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்காமல் விட்ட கேள்விகளை நினைத்து எனக்கு வருத்தமாக இருந்தது. மூன்று மேசை தள்ளி பதில் உட்கார்ந்திருக்க, திரையை வெறித்துப் பார்த்துக் கழித்த பிற்பகல்கள் அவை.

ஆதரவு என்றால் வெறும் இனிமையான பழக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டேனியல் லெவினும் ராப் கிராஸும் 2004-இல் நம்பிக்கையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள்: இவர் என் நன்மையை விரும்புகிறார் என்ற நம்பிக்கை ஒன்று, இவருக்கு விஷயம் தெரியும் என்ற நம்பிக்கை மற்றொன்று. பயனுள்ள அறிவு கைமாற இரண்டுமே வேண்டும். அன்பானவர் எல்லோருக்கும் பதில் தெரியாது. பதில் தெரிந்தவர் எல்லோரையும் நெருங்க முடியாது. அறிவு எந்த வகை என்பதும் முக்கியம். மார்ட்டன் ஹேன்சன் 1999-இல் ஒரு பெரிய மின்னணு நிறுவனத்தின் 120 திட்டங்களை ஆராய்ந்தபோது, எங்கே என்ன இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க மேலோட்டமான அறிமுகங்கள் உதவின. ஆனால் சிக்கலான அறிவை முழுதாக வாங்கிக்கொள்ள நெருக்கமான உறவுதான் கைகொடுத்தது. புரியும்வரை மூன்றாவது முறையும் நான்காவது முறையும் கேட்க அங்கேதான் முடியும்.

கேட்கும் பக்கம், சொல்லும் பக்கம் இரண்டில் எங்கே அடைப்பு என்பதை நேரடியாகவே சோதித்தவர்களும் உண்டு. தொலைபேசியில் விற்பனை செய்யும் ஒரு நிறுவனத்தில் நான்கு ஆய்வாளர்கள் நடத்திய பரிசோதனை 2020-இல் வெளியானது. விற்பனையாளர்களைக் குலுக்கல் முறையில் இருவர் இருவராகச் சேர்த்தார்கள். சில இணைகளுக்கு, இருவரும் சேர்ந்து நன்றாக விற்றால் பரிசு. சில இணைகளுக்குப் பரிசு இல்லை. அதற்குப் பதிலாக அவர்களுக்கு உட்கார்ந்து பேசச் சந்திப்பு ஏற்பாடு செய்து, எதில் திணறுகிறாய், எப்படிச் சமாளிக்கிறாய் என்று ஒருவரை ஒருவர் கேட்க வைத்தார்கள். பரிசு கிடைத்த இணைகளிலும் விற்பனை ஏறியது, ஆனால் பரிசோடு அதுவும் போய்விட்டது. பேச வைத்த இணைகளில் சராசரி விற்பனை 20 சதவீதத்துக்கு மேல் கூடியது. பரிசோதனை முடிந்து 20 வாரங்கள் கழித்தும் அந்த உயர்வு நின்றது. தெரிந்தவர்கள் சொல்லத் தயாராகத்தான் இருந்தார்கள். கேட்பதற்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது, அந்தச் சந்திப்பு அதைக் கொடுத்தது.

ஊக்கப் பரிசு இதில் சில நேரம் குறுக்கேகூட நிற்கும். 2005-இல் வெளியான கொரிய ஆய்வொன்றில், பகிர்ந்தால் வெகுமதி கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்களிடம் பகிர்வைப் பற்றிய நல்ல மனப்பான்மை குறைந்தே காணப்பட்டது. பகிர்ந்தால் ஒருவருக்கொருவர் உறவு வலுக்கும் என்று நினைத்தவர்களிடம் அது உயர்ந்திருந்தது.

உறவு கெட்டுப்போன இடத்தில் நடப்பதையும் பார்க்க வேண்டும். கேத்தரின் கானலியும் சக ஆய்வாளர்களும் 2012-இல் அறிவை ஒளிப்பதில் மூன்று விதங்களைப் பிரித்தார்கள். அப்புறம் தருகிறேன் என்று தட்டிக்கழிப்பது அல்லது அரைகுறையாகச் சொல்வது. தெரிந்தே தெரியாதது போல நடிப்பது. இதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்று காரணம் காட்டி மறுப்பது. கேட்டவர் மேல் நம்பிக்கை இல்லாதபோதுதான் இவை தலைகாட்டுகின்றன. ஒளித்தவரிடமிருந்து மற்றவர்களும் ஒளிப்பார்கள், அது அவருடைய வேலையையே பாதிக்கும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

உதவுபவருக்கும் ஒரு விலை இருக்கிறது, அதை மறந்துவிட்டு ஆதரவைப் புகழ்வது நியாயமாகாது. கூட்டுப்பணியில் உண்டாகும் பயனில் 20 முதல் 35 சதவீதம் வரை வெறும் 3 முதல் 5 சதவீத ஊழியர்களிடமிருந்து வருகிறது என்று கிராஸும் கூட்டாளிகளும் 2016-இல் எழுதினார்கள். எல்லோரும் தேடிப் போகும் அந்த ஒருவர் தன் வேலையை இரவில்தான் செய்கிறார். அவர் எப்படி உதவுகிறார் என்பதிலும் நிறைய இருக்கிறது. உளவியலாளர் ஆரி நாட்லர் உதவியை இரண்டாகப் பார்த்தார்: வேலையை முடித்தே கொடுத்துவிடும் உதவி, வழியைக் காட்டி அவரையே முடிக்க விடும் உதவி. முதலாவது அந்த நேரத்துக்கு வேகமானது. ஆனால் கேட்டவர் அடுத்த வாரமும் வருவார், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிறுத்துப்போய் வருவார்.

பிளாவின் அதிகாரிகளும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் வைத்திருந்தார்கள். மிகத் திறமையானவரிடம் அடிக்கடி போனால் தன் மதிப்பு தேய்கிறது என்று சிலர் உணர்ந்தார்கள். ஆகவே தன்னைப் போன்ற திறமை உள்ள ஒருவரோடு சேர்ந்துகொண்டார்கள். இன்று நான் கேட்பேன், நாளை நீ கேள். திறமையானவர்களுக்கோ வேறு சிக்கல். எல்லோரும் தேடி வரும் ஆள், தானே போய் எப்படிக் கேட்பது? அவர்கள் கேட்கவில்லை. ‘இந்த வழக்கில் ஒரு சுவாரஸ்யமான விஷயம் பாருங்கள்’ என்று பக்கத்தில் இருப்பவரிடம் தன் யோசனையை உரக்கச் சொல்லிக்கொண்டே போவார்கள். கேட்பவர் தலையாட்டினால் சரியான வழி. முகம் சுருங்கினால் அங்கேயே நிறுத்தி, இன்னொரு முறை யோசித்தார்கள்.