தொழிற்சங்கப் பிரச்சாரத்தில் பெயர் சூட்டும் போட்டி

தொழிற்சங்கங்களுக்குத் துண்டறிக்கைகளும் முழக்கங்களும் எழுதித் தருவதைத் தொழிலாகக் கொண்டவன் என்பதால், எந்தப் பிரச்சாரத்தைக் கண்டாலும் அது ஒரு சட்டத்தை எந்தப் பெயரால் அழைக்கிறது என்பதையே முதலில் கவனிக்கிறேன். மக்கள் வாயில் நிலைத்துவிட்ட பெயரை, பின்னால் எவ்வளவு வாதாடினாலும் அசைப்பது கடினம்.

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் 'வேலை செய்யும் உரிமை' என்ற பெயரில் சட்டங்கள் உள்ளன. அவை யாருக்கும் வேலை பெற்றுத் தருவதில்லை. சங்கம் பேசி முடித்த ஒப்பந்தத்தால் பயன் பெறும் தொழிலாளியிடம் அச்சங்கம் கட்டாயக் கட்டணம் பெறுவதைத் தடுப்பதே அவற்றின் வேலை. ஆனால் உரிமையை எதிர்க்கிறோம் என்று எந்தச் சங்கத்தால் மேடையில் சொல்ல முடியும்? 'குறைந்த கூலிக்கு வேலை செய்யும் உரிமை' என்று அவர்கள் கேலியாகத் திருப்பிச் சொல்வதுண்டு. கூர்மையான பதிலடிதான், எனினும் எதிராளியின் சொல்லையே மீண்டும் ஒலிக்கச் செய்கிறது என்பது என் குறை. இவ்வளவுக்கும் பிறகு, மிசௌரி மாநிலத்தில் 2018 ஆகஸ்டில் நடந்த வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கினர் அச்சட்டத்தை நிராகரித்தனர்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் நுட்பமானது. 2005-இல் பிரதமர் ஜான் ஹோவர்ட் அரசு கொண்டுவந்த தொழிலாளர் சட்டத்தின் பெயரிலேயே 'தெரிவு' என்ற சொல் இருந்தது. தொழிற்சங்கப் பேரவை அந்தச் சொல்லோடு மல்லுக்கு நிற்காமல், 'பணியிடத்தில் உங்கள் உரிமைகள்' என்று தனிப் பெயரிட்டுப் பிரச்சாரம் செய்தது. 'எங்கள் உறுப்பினர்கள்' என்னாமல் 'உங்கள்' என்றதால், சங்கத்தில் சேராதவரும் அதைத் தம் வழக்காகக் கொள்ள முடிந்தது. 2007-இல் அரசே தன் சட்டப் பெயரை உச்சரிப்பதை நிறுத்திக்கொண்டது. அவ்வாண்டுத் தேர்தலில் ஹோவர்ட் ஆட்சியோடு தம் தொகுதியையும் இழந்தார். தோல்விக்குப் பிற காரணங்களும் இருந்தன.

வாசகர் கவனிக்க வேண்டியது, இதே கருவி சங்கத்தின் கையிலும் வழுக்கும் என்பதை. நிலுவை ஊதியம் கேட்டு நடந்த ஒரு செவிலியர் போராட்டத்துக்கு 'நோயாளிகளின் பாதுகாப்பு' என்று தலைப்பிடச் சொன்னார்கள். ஊதியக் கோரிக்கை நியாயமானதே. ஆனால் துண்டறிக்கையில் நோயாளிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தலைப்பைக் காப்பாற்ற வேண்டுமானால், இரவுப் பணியில் ஒரு செவிலியர் எத்தனை படுக்கைகளைப் பார்க்கிறார் என்ற கணக்கைத் தாருங்கள் என்றேன். கணக்கு கைக்கு வரவில்லை. 'உழைத்த மாதங்களுக்கு ஊதியம்' என்றே அச்சுக்குப் போனது.