ஊசி போடாவிட்டால் அரிசி கிடையாதா? தடுப்பூசி விஷயத்தில் யாருக்கு என்ன அதிகாரம்

நோய் பரவும் காலத்தில் அரசுக்குக் கூடுதல் அதிகாரம் வந்துவிடும். பம்பாயில் பிளேக் பரவியபோது வெள்ளைக்காரன் கொண்டுவந்த 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டம் இன்னும் இருக்கிறது, நம் மாநிலத்துக்கென்று 1939இன் பொது சுகாதாரச் சட்டம் இருக்கிறது, 2005இன் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் கூடச் சேர்ந்துகொள்ளும். பின்னணி இவ்வளவு தெரிந்தால் போதும். மக்கள் மாட்டிக்கொள்வது சட்டப் புத்தகத்தில் இல்லை, கவுன்ட்டரில்.

கொரோனா சமயத்தில் பார்த்தோமே. சர்டிபிகேட் காட்டினால்தான் ரேஷன், காட்டினால்தான் நூறு நாள் வேலை என்று ஊருக்கு ஊர் ஒரு சட்டம் பேசினார்கள். கொரோனா வந்து குணமானவர்கள் மூன்று மாதம் கழித்துத்தான் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று 2021 மே மாதம் சொன்னதே மத்திய அரசுதான், ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வீடு வந்த ஒரு பாட்டியை, "போட்டுக்கிட்டு வாங்க, அப்புறம் அரிசி தர்றோம்" என்று வெறும் பையோடு திருப்பி அனுப்பியதை நான் நேரில் பார்த்தேன். கேட்டால் மேலிடத்து உத்தரவாம். எந்த மேலிடம், என்ன தேதி, என்ன எண் என்றால் பதில் இல்லை.

இங்கேதான் பிடிக்க வேண்டும். 1897 சட்டப்படி உத்தரவு என்றால் பொது அறிவிப்பாக வந்திருக்க வேண்டும். கடைக்காரர் வாயால் சொல்வது உத்தரவு ஆகாது. நகலைக் காட்டச் சொல்லுங்கள், இல்லை என்றால் "இன்ன காரணத்தால் பொருள் தரவில்லை" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்கள், ஆனால் பெரும்பாலும் அந்த இடத்திலேயே சுருதி இறங்கிவிடும். இறங்காவிட்டால் அலைச்சல் ஆரம்பம். தாலுகா ஆபீசில் சுகாதாரத் துறையைக் கேளுங்கள் என்பார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரேஷனை நிறுத்தச் சொன்னது நாங்கள் இல்லை என்பார்கள். இந்த இரண்டாவது பதில் உங்களுக்குச் சாதகமானது, அதை நீங்கள் எழுதும் மனுவில் அப்படியே சேர்த்துவிடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள், முதல்வர் உதவி மைய எண்ணான 1100க்கும் போன் செய்து புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம், சரி, ஆனால் பதிலுக்கு 30 நாள் என்பதால் இன்றைய அரிசிக்கு அது உதவாது.

2021 கடைசியில் பொது இடங்களுக்கு வருபவர்கள் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று தமிழக அரசுத் தரப்பில் உத்தரவே வந்தது உண்மைதான். பிறகு 2022 மே 2ஆம் தேதி டாக்டர் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில், யாரையும் வலுக்கட்டாயமாக ஊசி போட்டுக்கொள்ளச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போடாதவர்கள் பொது இடத்துக்கு வரத் தடை இருந்தால், தொற்று குறைவாக இருக்கும்வரை அதை விலக்கிக்கொள்ளவும் சொன்னது. ஆனால் தடுப்பூசியே வேண்டாம் என்று கோர்ட் சொல்லிவிட்டதாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது பொய். தொற்று கூடினால் நியாயமான அளவுக்குக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. அடுத்த தொற்றின்போது பழைய தீர்ப்பைக் காட்டி வாசலில் சண்டை போட்டு வழக்கு வாங்கிக்கொள்ளாதீர்கள். சுகாதார ஊழியர் மீது கைவைத்தால் தொற்றுநோய்கள் சட்டத்தின் 2020 திருத்தத்தின்படி ஐந்து ஆண்டு வரை சிறை, காயம் பலமாக இருந்தால் ஏழு.

சரி, ஊசியை யார் போடலாம்? கொரோனாவுக்கு 2020 டிசம்பரில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் டாக்டர், பல் டாக்டர், ஸ்டாஃப் நர்ஸ், மருந்தாளுநர், கிராம சுகாதார செவிலியர் என்று பட்டியல் போட்டது. மருந்தாளுநர் பெயர் அதில் இருக்கிறதே என்று தெருமுனை மெடிக்கல் கடையில் கையை நீட்டாதீர்கள். அது அரசு நடத்திய முகாமுக்கான ஏற்பாடு. அங்கன்வாடி அக்காவும் தன்னார்வலரும் ஆட்களைக் கூப்பிட்டு வரலாம், பெயர் பதியலாம், ஊசியைத் தொடக்கூடாது. ஆள் பற்றாக்குறை என்று யாரையாவது உட்கார வைத்திருந்தால், தயங்காமல் நீங்கள் யார் என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

2021 ஜூனில் கொல்கத்தாவில் ஒருவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி என்று சொல்லிக்கொண்டு போலி முகாமே நடத்தினார். ஒரு எம்.பி.யே அதில் ஊசி போட்டுக்கொண்டு, செல்போனுக்குக் குறுஞ்செய்தி வராததால் சந்தேகப்பட்டுத்தான் விஷயம் வெளியே வந்தது. மும்பையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலும் அதே ஆண்டு மே கடைசியில் இதே கதை. அதனால் குப்பியைக் காட்டச் சொல்லுங்கள், பெயரையும் காலாவதித் தேதியையும் பாருங்கள், பதிவு இல்லாத முகாமில் இலவசம் என்றாலும் போடாதீர்கள். ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கி வாருங்கள் என்றால் ஐஸ் வைத்துக் கட்டித் தரச் சொல்லி வாங்குங்கள். தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், வெயிலில் பஸ்ஸில் பிளாஸ்டிக் கவரில் கொண்டுவந்தால் காசும் போச்சு, பாதுகாப்பும் போச்சு.

ஆதார் இல்லை என்று திருப்பினால் நகராதீர்கள். கொரோனா ஊசிக்கு வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் எல்லாமே ஏற்கப்பட்டவைதான், ஆதாரை மட்டும் கேட்டு அடம்பிடிக்கக் கூடாது என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்திலும் பேசி முடித்த விஷயம் இது.

ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். என்ன மருந்து, எந்த பேட்ச், எந்தத் தேதி என்பது அட்டையில் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள், அட்டையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், தொற்றுநோய்ச் சட்டத்தின் 4ஆம் பிரிவு நல்லெண்ணத்தோடு வேலை செய்தவர் மீது வழக்கு போட விடாது, பின்னாடி கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அவ்வளவாகப் பலிக்காது. கடுமையான பாதிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தால், "தடுப்பூசிக்குப் பின் ஏற்பட்ட பாதிப்பு" என்று மாவட்ட சுகாதார அலுவலருக்குத் தகவல் போயிருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் "அதெல்லாம் ஊசியால் இல்லை" என்று வாயால் சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். ஊசியால் வந்ததா இல்லையா என்று முடிவு செய்வது விசாரணைக் குழுவின் வேலை, டாக்டருடைய வேலை தகவல் கொடுப்பது மட்டும்தான். அவர் கொடுக்கவில்லை என்றால் நீங்களே மனுவாக எழுதி, அட்டையின் நகலையும் ஆஸ்பத்திரி சீட்டையும் வைத்து, பதிவுத் தபாலில் அந்த அலுவலருக்கு அனுப்புங்கள்.