கல்லெறும்பாம், கல்லெறும்பு!

கடலூரில் ஒரு பள்ளிக் கண்காட்சி. அக்கா மகளின் அட்டையில் ‘கல்லெறும்பு’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. “எறும்பு எப்படி மாமா கல்லா மாறும்?” என்று என்னையே கேட்டாள். குறிப்பு எழுதிக் கொடுத்தவர் ‘ஃபாசில் எறும்பு’ என்பதை அப்படித் தமிழாக்கியிருக்கிறார். இந்த மாதத்தில் இதை மூன்றாம் முறையாகக் கேட்கிறேன்.

ஃபாசில் என்றால் லத்தீனில் ‘தோண்டி எடுத்தது’. அவ்வளவுதான், கல் எங்கேயும் இல்லை.

திருவக்கரைக் கல்மரத்தைப் பார்த்த பழக்கத்தில் வந்த சொல்லாக இருக்கும். அங்கே மரத்துக்குள் சிலிக்கா ஊறி மரமே கல்லாகிவிட்டது, பெயர் பொருத்தம். அட்டையில் இருந்ததோ ஸ்பெகோமிர்மா ஃப்ரேயி என்ற அழிந்துபோன எறும்பு. சுமார் 9 கோடி ஆண்டுக்கு முந்தையது. நியூ ஜெர்சியில் அம்பருக்குள் கிடைத்தது, 1967இல் எறும்பு ஆய்வாளர் வில்சன் உள்ளிட்ட மூவர் பெயரிட்டார்கள். அம்பர் கல்லே அல்ல, இறுகிப்போன மரப்பிசின். கொளுத்தினால் குங்கிலியம் மாதிரி புகையும். எங்கள் கொல்லை முருங்கையில் வடியும் பிசினில் கட்டெறும்பு ஒன்று பின்னங்கால் இரண்டும் மாட்டி, கொம்பை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்ததைப் போன வாரம்தான் பார்த்தேன். அது கல்லெறும்பா?

இன்னொன்று. துறைமுகத்தில் கல் இறால் விற்கிறார்களே, அது கல்லாகிப்போன இறாலா? பாறை இடுக்கில் வாழ்வது. கட்டெறும்பு, சித்தெறும்பு வரிசையில் கல்லெறும்பு என்றால் யாரும் உயிருள்ள எறும்பு என்றுதான் நினைப்பார்கள். மொழிபெயர்ப்பவர்கள் மீன் வாங்கவாவது வெளியே வரலாம்.

ஃபாசிலுக்கு வழங்கும் ‘புதைபடிவம்’ என்ற சொல் பாறையில் பதிந்த இலையின் அச்சுக்குச் சரி. இங்கே உடம்பே முழுசாக இருக்கிறது. போதாததற்கு, படிவம் என்றாலே தாலுகா ஆபீஸ் ஞாபகம். என் ஓட்டு ‘தொல்லுயிர் எச்சம்’. எச்சம் என்றால் காக்கை எச்சமா என்று சிரிக்கிறார்கள். பெயரெச்சம் படித்தபோது சிரித்தார்களா? எஞ்சியது எச்சம்.

ஸ்பெகோமிர்மா என்ற பெயருக்கு மண்டையை உடைத்துக்கொள்ளவே வேண்டாம். கிரேக்கத்தில் ஸ்பெக்ஸ் குளவி, மிர்மெக்ஸ் எறும்பு. இடுப்பு எறும்புக்குரியது, தாடையும் உணர்கொம்பும் குளவிச் சாயல். ஆக, குளவியெறும்பு.

‘குளவியெறும்பு: அம்பரில் கிடைத்த தொல்லுயிர் எச்சம்’ என்று புதுத் தாளில் எழுதி ஒட்டினாள். “மார்க் போச்சுன்னா நீங்கதான் பொறுப்பு மாமா” என்றாள்.