விகாரம்: ஆறாவது விரலுக்கு ஒரு சொல்

முரசுமோட்டையில் இருக்கும் என் மருமகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். போன கிழமை புத்தகமும் கையுமாக வந்து, “மாமா, விகாரம் எண்டா அவலட்சணம் எல்லோ? ஏன் பரம்பரையலகு மாறுறதுக்கு அப்பிடிப் பேர் வச்சிருக்கினம்?” என்றாள்.

பரம்பரையலகில், அதாவது மரபணுவில், நேரும் மாற்றத்தை ஆங்கிலத்தில் மியூட்டேசன் என்பார்கள். அதற்கு நம் பாடநூல் தரும் சொல் அது. தமிழ்நாட்டில் சடுதிமாற்றம், திடீர்மாற்றம் என்பார்கள். மூலமான லத்தீன் வினைக்கு ‘மாற்றுதல்’ என்றுதான் பொருள். விகாரம் வடசொல், அதுவும் ‘வேறாக ஆனது’ என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நன்னூலில் தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் விகாரம். பூவும் கொடியும் சேர்ந்து பூங்கொடி ஆவது விகாரப் புணர்ச்சி. அதைப் பார்த்து யாரும் முகம் சுளித்ததில்லை. 2019 சித்திரையில் பிறந்த வருடத்துக்கே விகாரி என்றுதான் பெயர். பேச்சுவழக்கில்தான் ‘வேறானது’ மெல்ல மெல்ல ‘பார்க்கச் சகிக்காதது’ ஆகிவிட்டது.

அந்தச் சறுக்கலை ஒரு ஊரே சட்டமாக்கினால் எப்படியிருக்கும்? ஜோன் விண்டம் 1955இல் எழுதிய ‘த கிறிசலிட்ஸ்’ நாவலில் வருவது அதுதான். பேரழிவுக்குப் பிந்திய லாப்ரடோரில், கடவுளின் சாயலிலிருந்து இம்மியும் விலகக்கூடாது என்று வாழும் ஒரு கூட்டம். விலகிய பயிரும் கன்றும் ‘குற்றம்’. விலகிய மனிதப் பிள்ளை ‘தெய்வநிந்தனை’. சோபி என்ற சிறுமிக்குக் காலில் ஆறு விரல். ஓடைக் கல்லில் பதிந்த ஈரச் சுவடு அவளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நம் பக்கம் ஆறாவது விரலை அதிர்ஷ்டம் என்று கொண்டாடும் கிழவிகள் இருக்கிறார்கள். அங்கே பிள்ளை பெறமுடியாதபடி செய்து, ஊருக்கு வெளியே துரத்துகிறார்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளையும் விதைநெல்லுக்குள் வேற்றினக் கதிர் தலைநீட்டினால் நாங்களும்தான் பிடுங்குகிறோம். ஆனால் அதைப் பாவம் என்பதில்லை.

சரி, அறிவியலுக்கும் இந்த நாவலைத் தமிழாக்குவதற்கும் எந்தச் சொல் பொருத்தம்? பிறழ்வு என்றால் ‘நெறி பிறழ்ந்தான்’ என்ற தீர்ப்பு உள்ளேயே ஒட்டிக்கொண்டு வரும். அந்த ஊரார் வாயில் வைக்க அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அறிவியலுக்கு என் கை திரிபுக்கே போகிறது: பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம், எழுத்து திரிந்தது, பொன் குறையவில்லை. ‘பால் திரிஞ்சு போச்சு’ என்று வீட்டில் சொல்வதுதான் கொஞ்சம் இடிக்கிறது. நாவலில் துரத்தப்பட்டவர்கள் ஒதுங்கும் ‘ஃபிரிஞ்சஸ்’ என்ற நிலத்தை எல்லைப்புறம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வன்னியில் எல்லைக் கிராமம் என்றால் போர்க்காலம்தான் நினைவுக்கு வரும். விளிம்பு போதும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, “அப்ப சோதினையில திரிபு எண்டு எழுதட்டோ?” என்றாள் மருமகள்.

“வேண்டாம் பிள்ளை, விகாரம் எண்டே எழுது. புள்ளி போடுறது நான் இல்லை.”