சாப்பிடவே இல்லையே, அப்புறம் எதுக்கு மருந்து?

செவ்வாய்க்கிழமை காலையில ஸ்கோப்ப உள்ள விட்ட அஞ்சாவது நிமிஷமே வெளிய எடுத்துட்டேன். ஸ்கிரீன்ல குடலே தெரியல, கெட்டியா கரைச்ச புளித்தண்ணி மாதிரி தான் தெரிஞ்சுது. ஐயாவுக்கு 74 வயசு, ரத்தசோகைக்கு காரணம் தேடி கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியா கேமரா குழாய விட்டு பெருங்குடல பாக்குற டெஸ்ட்) எழுதினது, மருமகளோட முதல் பஸ் புடிச்சு வந்திருக்கார். மயக்கம் தெளிஞ்சதும் "குடல் சுத்தமாக குடுத்த பேதி மருந்த முழுசா குடிச்சீங்களா ஐயா"ன்னு கேட்டா மருமக அவர பாக்குறாங்க, அவர் ஃபேன பாக்குறார். ரொம்ப நேரம் கழிச்சு, "நேத்து காலையில இருந்து ஒண்ணுமே சாப்பிடல டாக்டர், வயிறு காலியா தான இருக்கு, எதுக்குன்னு ரெண்டு டம்ளரோட விட்டுட்டேன்"ங்கறார். இந்த மாசத்துல இது நாலாவது கேஸ். அதான் ஓபி முடிச்சிட்டு உக்காந்து டைப் பண்றேன்.

மோஷன்னா சாப்பாட்டோட சக்கை மட்டும் கிடையாதுங்க. பித்தநீர், குடல்ல சுரக்குற சளி, உதிர்ற செல்லு, கோடிக்கணக்கான பாக்டீரியா எல்லாம் சேந்தது தான் அது, நீங்க பட்டினி கிடந்தாலும் உள்ள ஊறிக்கிட்டே தான் இருக்கும். ஐசியூல நாள்கணக்கா வாய் வழியா எதுவும் குடுக்காம படுத்திருக்கறவங்களும் மோஷன் போவாங்க, சந்தேகம்னா அங்க வேலை பாக்குற நர்ஸ் யாரையாவது கேளுங்க. அதுலயும் குடலோட வலது பக்கம் தான் இந்த மஞ்ச சளி அப்பிக்கிட்டு நிக்கும், அங்க வர்ற பாலிப் (குடல் சுவர்ல வளர்ற சின்ன சதை) நிறைய தட்டையா, சுவர் கலர்லயே இருக்கும், சேறு பூசின தரையில கடுகு பொறுக்குற கதை தான் எங்களுக்கு. "வயசானவர், பாதி குடிச்சா போதாதா"ன்னு கேக்குறவங்களுக்கும் சேத்து சொல்றேன், வயசானா குடல் மெதுவா தான் வேலை செய்யும், மலச்சிக்கல், சுகர், பார்க்கின்சன் இருந்தா இன்னும் மெதுவா, அவங்களுக்கு குடல் சுத்தமாகணும்னா மருந்து கூடுதலா தான் தேவைப்படும். கடைசியா போறது கட்டி எதுவும் இல்லாம யூரின் மாதிரி தெளிஞ்ச மஞ்சளா வரணும். பத்து தடவை போனாரு இருபது தடவை போனாருன்னு கணக்கு சொல்லாதீங்க, கலர சொல்லுங்க.

அந்த பேதி மருந்து தான் பெக் பவுடர், பாக்கெட் ஒண்ண ரெண்டு லிட்டர் தண்ணில கரைக்க சொல்லி குடுப்போம். ருசி கொடுமை தான், நானே குடிச்சு பாத்திருக்கேன். ஃப்ரிட்ஜ்ல வச்சு ஜில்லுன்னு கால் மணி நேரத்துக்கு ஒரு டம்ளர்னு குடிச்சா எறங்கும், குமட்டுனா அரை மணி நேரம் விட்டு குடுங்க. முந்தின நாள் சாயங்காலம் ஒரு லிட்டர், மறுநாள் ஸ்கோப்புக்கு நாலஞ்சு மணி நேரம் முன்னாடி மீதி ஒரு லிட்டர். அந்த விடிகாலை லிட்டர தான் எல்லாரும் கட் அடிக்கிறாங்க, குடல் சுத்தமாகுறதே அதுல தான். வாந்தி நிக்காம வயிறு கல்லு மாதிரி உப்பி காத்தும் பிரியலைன்னா மட்டும் அதோட நிறுத்திட்டு உடனே போன் பண்ணுங்க, ராத்திரி ரெண்டு மணியானாலும் சரி.

இன்னொரு கூட்டம் இருக்கு, பக்கத்து வீட்டுக்காரர் குடிச்ச சின்ன பாட்டில் மருந்து ஈஸின்னு மெடிக்கல்ல கேட்டு வாங்கிட்டு வந்துடுவாங்க. அது சோடியம் பாஸ்பேட்டா இருந்தா வயசானவங்க கிட்னியையே காலி பண்ணிடலாம், அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2008லயே இதுக்கு கடுமையான எச்சரிக்கை போட்டுடுச்சு. தயவு செஞ்சு அவங்கவங்களுக்கு எழுதினத மட்டும் குடிங்க. பவுடருக்கு பதிலா வெறும் தண்ணிய லிட்டர் லிட்டரா குடிக்கறதும் வேண்டாம், பிபிக்கு யூரின் போற மாத்திரை சாப்பிடுற பாட்டிங்களுக்கு ரத்தத்துல சோடியம் உப்பு எறங்கி ஆளே தெரியாம ஒளற ஆரம்பிச்சுடுவாங்க.

மாத்திரை விஷயத்துல டப்பாவோட, இல்ல அட்டையோட வாங்க, "வெள்ளையா சின்னதா ஒண்ணு"ன்னு சொன்னா எனக்கு என்ன தெரியும். இரும்பு மாத்திரைய ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தணும், குடல் முழுக்க தார் பூசின மாதிரி ஆக்கிடும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி "கிளிஃப்ளோசின்"னு முடியற சுகர் மாத்திரைய மூணு நாள் முன்னாடியே நிறுத்த வேண்டியிருக்கும், சாப்பிடாத அன்னிக்கு இன்சுலின வழக்கம் போல போட்டா சுகர் எறங்கி மயக்கம் போட்டுடும், ரத்தம் கட்டாம இருக்க சாப்பிடுறத நீங்களா நிறுத்தவும் கூடாது, நீங்களா தொடரவும் கூடாது. எல்லாத்துக்கும் தேதி எழுதி கேட்டு வாங்கிக்கோங்க.

ரெண்டு நாள் முன்னாடியே கீரை, கொய்யா, மாதுளை, தக்காளி, முழு தானியம் எல்லாம் நிறுத்திட்டு இட்லி, கொழைஞ்ச வெள்ளை சாதம், மோர்னு ஓட்டலாம். முந்தின நாள் வடிகட்டுன ரசத்தண்ணி, பால் இல்லாத டீ, சக்கையில்லாத ஜூஸ். கிட்னி பிரச்சனை இல்லைன்னா இளநீரும் குடுக்கலாம். சிவப்பு கலர் சர்பத் மட்டும் வேண்டாம், உள்ள பாத்தா ரத்தம் மாதிரியே இருக்கு, ஒரு தடவை ரோஸ்மில்க்க பாத்து நானே ஏமாந்திருக்கேன்.

எனக்கு ரொம்ப பயம் ராத்திரி பாத்ரூம் தான். போன வருஷம் ஒரு அம்மா, 80 தாண்டினவங்க, வீட்ல எல்லாரும் தூங்க, லைட்டு போடாம அவசரமா போயி ஈரத்துல வழுக்கி தொடை எலும்பு உடைஞ்சு ஆர்த்தோ வார்டுக்கு போனாங்க. ஸ்கோப் நடக்கவே இல்ல. அதனால அன்னிக்கு ஒரு ராத்திரி அவங்க ரூம்லயே யாராவது படுங்க, லைட் எரியட்டும், தரைய தொடைச்சு விடுங்க, முட்டி வலின்னா கட்டிலுக்கு பக்கத்துலயே கமோட் சேர் வைங்க, டயபர் போடறதுல கூச்சம் என்ன இருக்கு. மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஆசனவாய சுத்தி கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி விட்டா எரிச்சல் கம்மியா இருக்கும். தனியா இருக்கறவங்கன்னா சொல்லுங்க, முந்தின நாளே அட்மிட் பண்ணிக்கலாம், இத சொல்லாம விட்டுட்டு காலையில தலை சுத்துதுன்னு ஆட்டோல வந்து இறங்குறாங்க.

அந்த ஐயாவுக்கு அடுத்த வியாழக்கிழமைக்கு மறுபடி டேட் குடுத்திருக்கேன். மருமகளையும் உக்கார வச்சு டம்ளர் கணக்கு பேப்பர்ல கட்டம் போட்டு குடுத்தேன், ஒவ்வொண்ணு குடிச்சதும் அவங்க டிக் அடிக்கணும். கதவு வரைக்கும் போனவரு திரும்பி வந்து, "தம்பி, இதே மருந்து மாத்திரையா கிடைக்காதா?"ங்கறாரு.