குக் கவுன்டியா, டூபேஜா: வளரும் ஊர் பிள்ளையின் வருமானத்தை மாற்றுவது எப்படி?

அமெரிக்காவின் சிகாகோ பெருநகரம் பல கவுன்டிகளாக, அதாவது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளாக, பிரிந்து கிடக்கிறது. நடுவில் குக் கவுன்டி. 50 லட்சத்துக்கும் மேல் மக்கள், சிகாகோ நகரம் ஏறத்தாழ முழுவதும் இதற்குள்தான். அதன் மேற்கு எல்லையைத் தாண்டினால் டூபேஜ் கவுன்டி. 9 லட்சத்துச் சொச்சம் பேர். புறநகர் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இங்கிருந்து அங்கே போய்விடலாம்.

பொருளியலாளர்கள் ராஜ் செட்டியும் நத்தானியல் ஹென்ட்ரனும் 2015-இல் வெளியிட்ட கணக்கின்படி, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளை டூபேஜில் வளரும் ஒவ்வோர் ஆண்டுக்கும், பின்னாளில் அதன் வருமானம் 0.8 விழுக்காடு கூடுகிறது. குக்கில் வளரும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 0.64 விழுக்காடு குறைகிறது. இரண்டுமே நாட்டின் சராசரி கவுன்டியோடு ஒப்பிட்ட அளவுகள். பிறந்ததிலிருந்து 20 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் 16 கூடுதல், மறுபக்கம் 13 குறைவு. நாட்டின் 100 பெரிய கவுன்டிகளில் டூபேஜுக்கு முதலிடம். அடுத்தடுத்த இரண்டு கவுன்டிகளுக்குள் ஏறக்குறைய 30 விழுக்காடு இடைவெளி!

இதை அளப்பது எளிதல்ல. 2014-இல் இவர்கள் குழு வெளியிட்ட முதல் பெரிய ஆய்வு, 1980 முதல் 1982 வரை பிறந்தவர்களின் வருமான வரிப் பதிவுகளை எடுத்துக்கொண்டது. பெற்றோர் வருமானத்துக்கு 1996 முதல் 2000 வரையிலான ஐந்தாண்டுச் சராசரி. ஓராண்டை மட்டும் எடுத்தால், அந்த ஆண்டு வேலை போன வசதியான குடும்பமும் ஏழைக் கணக்கில் விழுந்துவிடும். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உள்ள தொடர்பு உண்மையைவிட வலுக்குறைந்து தெரியும். பிள்ளைகளின் வருமானத்தை 2011, 2012 ஆண்டுகளில், அவர்கள் 30 வயதை ஒட்டி இருந்தபோது அளந்தார்கள். 24 வயதில் அளந்தால் மருத்துவம் படிக்கும் மாணவி, வேலைக்குப் போய்விட்ட கடைப் பணியாளரைவிட ஏழையாகத் தெரிவாள்.

டாலருக்குப் பதில் வரிசை எண்ணைப் பயன்படுத்தினார்கள். நாட்டிலுள்ள பெற்றோரை 100 படி கொண்ட ஏணியில் நிறுத்தி, பிள்ளைகளை இன்னோர் ஏணியில் நிறுத்துவது. பெற்றோர் 10 படி மேலே இருந்தால் பிள்ளை சராசரியாக 3.4 படி மேலே இருக்கிறது. இது நாடு முழுமைக்கான எண். பிள்ளை இன்று எங்கே குடியிருந்தாலும், வளர்ந்த ஊரின் கணக்கில்தான் சேரும். இதைக் கவனிக்காவிட்டால், நியூயார்க்கில் வேலை கிடைத்துப் போனவர்களின் சம்பளமெல்லாம் நியூயார்க்கின் பெருமையாகிவிடும்.

ஊருக்கு ஊர் வேறுபாடு பெரிது. வருமான ஏணியின் கடைசி ஐந்தில் ஒரு பங்கில் பிறந்த பிள்ளை முதல் ஐந்தில் ஒரு பங்குக்கு ஏறும் வாய்ப்பு சான் ஹோசேயில் 12.9 விழுக்காடு, சார்லட்டில் 4.4. ஆனால் இதில் ஊரின் பங்கு எவ்வளவு என்பதை இந்த எண் மட்டும் காட்டாது. டூபேஜில் வீடு பிடிக்கும் குடும்பத்துக்குக் கையில் சேமிப்போ படிப்போ கூடுதலாக இருக்கலாம். பிள்ளை முன்னேறியது அதனால்கூட இருக்கும். ஊரையும் வீட்டையும் பிரித்துப் பார்க்க, குடிபெயர்ந்த வீடுகளின் உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டார்கள்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மூத்தவனுக்கு 15 வயது, இளையவளுக்கு 9. புது ஊரில் வளர்ந்த பிள்ளைகள் பழைய ஊர்ப் பிள்ளைகளைவிடச் சராசரியாக 5 படி மேலே இருக்கிறார்கள் என்று வைப்போம். சுமார் 23 வயது வரை, வாழும் ஒவ்வோர் ஆண்டும் இந்த இடைவெளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைப் பிள்ளைக்குத் தருகிறது. இளையவளுக்கு 14 ஆண்டு, அதாவது 56 விழுக்காடு, 2.8 படி. மூத்தவனுக்கு 8 ஆண்டு, 32 விழுக்காடு, 1.6 படி. அப்பா அம்மா ஒன்று, வீடு ஒன்று. வேறுபட்டது ஆண்டுகளின் எண்ணிக்கை.

குடிபெயர்ந்த நேரத்தில் அப்பாவுக்கு நல்ல வேலை கிடைத்திருந்தால்? இளையவள் அந்தச் சம்பளத்தையும் அதிக ஆண்டுகள் அனுபவித்திருப்பாளே! சரியான கேள்வி. இதற்கான சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. சில கவுன்டிகள் பையன்களுக்கு நல்லவை, பெண்களுக்கு அவ்வளவு இல்லை. அப்படிப்பட்ட இடத்துக்குப் போன வீடுகளில் பலன் மகனிடம் கூடுதலாகத் தெரிந்தது, மகளிடம் அந்த அளவுக்கு இல்லை. அப்பாவின் சம்பளம் காரணமாக இருந்தால் இருவருக்கும் ஒன்றுபோலக் கிடைத்திருக்க வேண்டும்.

இதே முடிவை ஒரு பரிசோதனையும் சொன்னது. 1994 முதல் 1998 வரை சிகாகோ உட்பட 5 நகரங்களில், சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களிடையே குலுக்கல் நடத்தி, ஒரு பகுதியினருக்கு வாடகைச் சீட்டு, அதாவது வாடகைக்கான அரசு உதவி, வழங்கினார்கள். சீட்டு பெற்றவர்களில் ஒரு பிரிவினர் வறுமை 10 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியில்தான் வீடு எடுக்க வேண்டும். முதல் ஆய்வுகள் பெரியவர்களின் சம்பளத்தைப் பார்த்தன. மாற்றமில்லை, திட்டம் தோற்றது என்று பலரும் முடிவுகட்டினார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போன பின் பார்த்தபோது கதையே வேறு. 13 வயதுக்கு முன் அப்படிக் குடிபெயர்ந்தவர்களின் வருமானம் சுமார் 31 விழுக்காடு கூடியிருந்தது. அந்த வயதைக் கடந்தபின் குடிபெயர்ந்தவர்களுக்குப் பலனில்லை, கொஞ்சம் இழப்புகூட. பழகிய பள்ளியையும் நண்பர்களையும் பிரியும் வலிக்கு ஈடுகட்ட அவர்களுக்கு ஆண்டுகள் மிஞ்சவில்லை.

கவுன்டி எண்ணைக் கையில் எடுக்கும்போது இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. சிறிய கவுன்டியில் குடிபெயர்ந்த குடும்பங்கள் குறைவு. நாலு பேர் நன்றாகச் சம்பாதித்தால் எண் எகிறிவிடும். அதனால் அத்தகைய மதிப்பை, அங்கே நிரந்தரமாக வாழ்பவர்களின் பிள்ளைகளை வைத்துக் கணித்த மதிப்போடு கலந்து அடக்குகிறார்கள். இரண்டாவது தவறு, கவுன்டி முழுவதையும் ஒரே ஊராக நினைப்பது. வசதியான வின்னெட்காவும் குக்தான், பல காலமாக வறுமை குவிந்த எங்கில்வுட்டும் குக்தான். கவுன்டியைவிடச் சிறிய பகுதிகளை அளந்து 2018-இல் வந்த நுண்வரைபடம், வீட்டிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் சுற்றுவட்டாரம் எப்படி இருக்கிறது என்பதே பெரிதும் முக்கியம் என்று காட்டியது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: பெற்றோர் வருமானம் சமமாக இருந்தாலும், ஏறத்தாழ எல்லாப் பகுதிகளிலும் கறுப்பினப் பையன்கள் வெள்ளையினப் பையன்களைவிடக் குறைவாகவே சம்பாதிக்கிறார்கள். நல்ல தெரு மட்டும் அதைச் சரிசெய்வதில்லை.

ஊருக்குள் எது வேலை செய்கிறது? வறுமை ஓரிடத்தில் குவியாமை, குறைந்த ஏற்றத்தாழ்வு, நல்ல பள்ளி, குறைந்த குற்றம், இரு பெற்றோரும் சேர்ந்திருக்கும் வீடுகள் இவையெல்லாம் உயர்வோடு சேர்ந்தே வருகின்றன. சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் பள்ளிக்கான பணத்தில் பெரும்பங்கு அந்தந்தப் பகுதியின் சொத்து வரி. வீட்டு விலை குறைந்த இடத்தில் அதே வரி விகிதம் குறைந்த பணத்தையே தரும். 2017-இல் மாநிலம் நிதிப் பகிர்வை மாற்றிப் புதிய சட்டம் போட்டது. நட்பும் கணக்கில் உண்டு. ஃபேஸ்புக் நட்புகளை அலசி 2022-இல் வந்த ஆய்வில், வசதியானவர்களோடு ஏழைகள் பழகும் பகுதிகளில்தான் ஏழைப் பிள்ளைகள் அதிகம் மேலேறியிருந்தார்கள்.

அப்படியானால் எல்லோரும் டூபேஜுக்குப் போகலாமே என்றால், வாடகைச் சீட்டு அங்கே செல்ல வேண்டும். முன்பு பெருநகரம் முழுமைக்கும் ஒரே வாடகை வரம்புதான். அந்தத் தொகைக்கு வீடு கிடைப்பது பெரும்பாலும் வறிய பகுதிகளில். 2018-இல் சிகாகோ உட்பட 24 பெருநகரங்களில் அஞ்சல் குறியீட்டுவாரியாக வரம்பு வைக்கத் தொடங்கினார்கள். சீட்டு வைத்திருப்பவர் என்பதற்காக வீடு மறுக்கக் கூடாது என்ற விதி குக்கில் 2013-இல் வந்தது. மாநிலம் முழுவதற்கும் 2023 ஜனவரியில்தான்.

சியாட்டிலும் அதைச் சூழ்ந்த கிங் கவுன்டியும் சேர்ந்து ஒரு படி மேலே போய்ப் பார்த்தன. சீட்டு பெற்ற குடும்பங்களில் பாதிக்கு வீடு தேட ஓர் ஆள் துணை, வீட்டு உரிமையாளரோடு பேச உதவி, முன்பணத்துக்குக் கொஞ்சம் தொகை. துணை இல்லாதவர்களில் 15 விழுக்காடு குடும்பங்களே நல்வாய்ப்புப் பகுதிக்கு, அதாவது ஏழைப் பிள்ளைகள் அதிகம் மேலேறும் பகுதிக்கு, போயின. துணை கிடைத்தவர்களில் 53.